கடல் ஆய்வுக் கூட்டத்துக்குப் பெரிய வரைபடம் ஒன்று கொண்டுபோங்கள்

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கடற்புல் ஆய்வுக்காகக் கடற்றொழிலாளர், திணைக்கள அதிகாரிகள், பல்கலைக்கழகத்தார் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிடுகிறீர்களா? திரையில் படம் காட்ட வேண்டாம். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேசையில் விரித்து, கடலுக்குப் போகிறவர்கள் கையில் முதலில் பேனையைக் கொடுங்கள்.

சிறகு வலை கட்டும் இடம், நண்டு வலை விரிக்கும் இடம், கடலட்டைப் பண்ணை, புல் அடர்ந்த படுகை எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். பேச்சில் இழுபடும் எல்லைத் தகராறு, கோடாக விழுந்ததும் எவ்வளவோ தெளிவாகிறது. எங்கே மாதிரி எடுப்பது என்பதும் அங்கேயே முடிவாவதால் வீண் படகோட்டமும் எரிபொருள் செலவும் குறையும். அப்புறம், ஒரு பிரதி கட்டாயம் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் இருக்க வேண்டும்; அது அவர்களுடைய அறிவு.

பண்ணை அனுமதி பற்றிச் சண்டை சூடாக இருக்கும் ஊரில் இது சரிவராது. அங்கே ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே சந்திப்பதுதான் நல்லது. மீன்படும் இடத்தை ஒருவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். பரப்பளவு கணக்கிடவும் இந்தக் கோடுகள் போதாது, ஜிபிஎஸ் கருவியோடு நேரில் போய்த்தான் அளக்க வேண்டும்.