கோர்ட்டுக்குள் 'அண்ணா' வேண்டாம்: கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் செய்யும் சில தவறுகள்

மண்டல அரையிறுதி. ஆட்டம் முடிய நாற்பது விநாடிக்கும் குறைவு. நாங்கள் ஒரு புள்ளி முன்னிலை, பந்து அவர்கள் கையில். எங்கள் கேப்டன், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் அவர்களுடைய பாயிண்ட் கார்டை மறித்தபடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தான். அவன் முதுகுப் பக்கம் அவர்கள் அணியில் ஆறடிக்கு மேல் உயரமான ஒருவன் வந்து, வழியை உடம்பால் அடைத்து ஸ்க்ரீன் போட்டு நின்றது அவனுக்குத் தெரிய வழியில்லை. அதைப் பார்த்தவன் ஒரே ஒருவன், மூன்றடி தள்ளி நின்ற எங்கள் முதலாமாண்டுப் பையன். அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கேப்டன் போய் அந்த நெஞ்சில் மோதி நின்றான். பாயிண்ட் கார்டு தனியாக உள்ளே போய், கூடைக்குப் பக்கத்திலிருந்தே லே-அப் போட்டுவிட்டான். மிச்சமிருந்த நேரத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்டா கத்தலை?" என்று கேட்டேன்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாதுல்லண்ணா. அண்ணான்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் அந்த அணியில் ஆடி முடித்து, பிறகு சில வருடம் மாலையில் போய் பி.டி. சாருக்கு ஒத்தாசையாக நின்றவன். அந்தப் பையன் சொன்ன பதில்தான் நம் கல்லூரி அணிகளின் பாதிப் பிரச்சினை என்று இன்றும் நினைக்கிறேன். ஹாஸ்டலில் சீனியருக்கு எழுந்து நிற்கும் பழக்கம் கோர்ட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. டிஃபென்ஸ் என்பது முழுக்க முழுக்கப் பேச்சு. "ஸ்க்ரீன் லெஃப்ட்", "ஹெல்ப்", "ஸ்விட்ச்" என்று பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனுக்குக் கண்ணாக இருக்க வேண்டும். ஐந்து பேரில் இரண்டு பேர் ஜூனியர் என்றால், இரண்டு ஜோடிக் கண்கள் மரியாதையின் பேரில் மூடிக்கிடக்கின்றன.

அடுத்த நாளே ஒரு விதி வைத்தோம். கோர்ட்டின் கோட்டுக்குள் வந்துவிட்டால் யாரும் யாருக்கும் அண்ணா இல்லை. எல்லோருக்கும் ஒரு எழுத்து அல்லது இரண்டு எழுத்தில் கூப்பிடு பெயர். கார்த்திகேயன் 'கார்' ஆனான், முத்துக்குமார் 'முத்' ஆனான். கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் பழையபடி அண்ணா, தம்பி எல்லாம் உண்டு. முதல் வாரம் ஜூனியர்களுக்கு நாக்கு எழவில்லை. அதனால் சீனியர்களை ஒரு காரியம் செய்யச் சொன்னோம்: ஜூனியர் கத்தி, அதனால் தப்பித்தால், அங்கேயே அவனைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். இரண்டாவது வாரம் பக்கத்து கிரிக்கெட் நெட்டிலிருந்து வந்து "என்ன இவ்வளவு சத்தம்" என்று கேட்டார்கள்.

இதனோடு ஒட்டிய இன்னொன்று. பந்து மூட்டையைத் தூக்குவது, தண்ணீர் கேன் நிரப்புவது, மழை பெய்தால் கோர்ட்டைத் துடைப்பது எல்லாம் முதலாமாண்டுக்காரன் வேலை என்று விட்டுவிடுகிறோம். காலம்காலமாக வந்த வழக்கம்தான், நானும் தூக்கியிருக்கிறேன். ஆனால் நாலரை மணிக்கு மூட்டை தூக்கவைத்தவனை ஐந்து மணிக்கு "தைரியமா ஷூட் பண்ணுடா" என்றால் கை எப்படி எழும்? வாரம் ஒருவர் என்று முறை வைத்து, முதல் வாரத்தைக் கேப்டன் எடுத்துக்கொண்டால் போதும்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பார்ப்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் வர்ஜீனியா - பர்டூ ஆட்டம் நினைவிருக்கும். கடைசி விநாடிகளில் வர்ஜீனியா இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. தவறிய ஃப்ரீ த்ரோ ஒன்று தட்டப்பட்டு அவர்களுடைய பாதிவரை ஓடிவிட, விரட்டிப் பிடித்தவன் கீஹெய் கிளார்க், முதலாமாண்டு மாணவன், அணியிலேயே குள்ளமானவர்களில் ஒருவன். அங்கிருந்தே வீசிப் பார்த்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் நிமிர்ந்து பார்த்து மறுமுனையில் கூடைக்கு அருகே நின்ற மமாடி டியாகிட்டேக்கு நீளமாக ஒரு பாஸ் போட்டான். மணி அடிக்கும்போது பந்து உள்ளே போய் 70-70. கூடுதல் நேரத்தில் 80-75 என்று ஜெயித்து, அந்த ஆண்டு சாம்பியனும் ஆனார்கள். ஒரு ஜூனியருக்கு அந்த நேரத்தில் தலை நிமிர்ந்தது, அதுவரை நடந்த பயிற்சிகளில் அவன் பேச்சுக்கு மதிப்பு இருந்ததால்தான் என்பது என் கணிப்பு.

அடுத்தது கேப்டன் தேர்வு. அதிகப் புள்ளி அடிப்பவனுக்குக் கேப்டன் பட்டம், இல்லையென்றால் இறுதியாண்டில் மூத்தவனுக்கு. நம் கல்லூரிகளில் மூன்றாவது வழியை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நன்றாக ஷூட் செய்பவனுக்கு ஏற்கனவே தலையில் பாரம் இருக்கிறது. எதிரணியின் நல்ல டிஃபெண்டர் அவன் மேல்தான் ஒட்டிக்கிடப்பான். அவனே ரெஃப்ரியிடம் பேச வேண்டும், கோபப்பட்டவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றால் இரண்டும் கெடும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் (FIBA) விதிப்படி களத்தில் அணியின் சார்பாக ரெஃப்ரியிடம் விளக்கம் கேட்கும் இடம் கேப்டனுடையது. அதுவும் மரியாதையாக, பந்து நின்று கடிகாரமும் நின்றிருக்கும்போது மட்டும். நான் பார்த்த நல்ல கேப்டன் ஒருவன் ஆட்டத்துக்கு ஆறு புள்ளி தாண்ட மாட்டான். ஆனால் விசில் ஊதியவுடன் கையை விரித்துக்கொண்டு ரெஃப்ரியை நோக்கிப் போகும் நம் ஆளின் ஜெர்சியைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பவன் அவன்தான். யாரைப் போடுவது என்று குழம்பினால், தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் பையன்களின் முகங்களைப் பாருங்கள். மற்றவர்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

புள்ளியை மட்டும் எண்ணும் பழக்கத்துக்கு ஒரு காரணம் மேசையிலேயே இருக்கிறது. ஆட்டத்தின் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் புள்ளி, ஃபவுல், டைம்அவுட் இவைதான் ஏறும். பாஸ் கொடுத்தவன், ஸ்க்ரீன் போட்டு அடிவாங்கியவன், தரையில் விழுந்து பந்தைக் காப்பாற்றியவன் பெயரெல்லாம் எங்கும் இருக்காது. நோட்டீஸ் போர்டில் "இருபத்திரண்டு புள்ளி எடுத்தார்" என்று ஒருவன் பெயர் மட்டும் ஒட்டப்படும். நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்து 879 ஆட்டங்களை ஜெயித்த டீன் ஸ்மித் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருந்தார். கூடையில் போட்டவன் திரும்பி ஓடும்போது, பாஸ் கொடுத்தவனை நோக்கி விரலை நீட்ட வேண்டும். அரங்கம் முழுக்கப் பார்க்கும் நன்றி அது. இன்னொரு வழக்கமும் உண்டு. களைத்துப்போனவன் கை முஷ்டியை உயர்த்தினால் வெளியே எடுப்பார், தெம்பு வந்ததும் அவனே திரும்ப உள்ளே போகக் கேட்கலாம். நம் பையன்கள் களைப்பைச் சொல்ல மாட்டார்கள். வெளியே உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்ற பயம். நாக்குத் தள்ள நின்றுகொண்டு, தன் ஆளை விட்டுவிடுவார்கள்.

ஸ்மித்திடமிருந்து விரல் நீட்டுவதை அப்படியே எடுத்துக்கொண்டோம். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கினோம். பெஞ்சில் இருப்பவன் அதில் பாஸ், ஸ்க்ரீன், தட்டிவிட்ட பந்து மூன்றையும் கோடு போட்டு எண்ணுவான். இதில் எதிர்பாராத லாபம், பெஞ்ச் விழித்துக்கொண்டது.

பெஞ்ச் என்பது பன்னிரண்டில் ஏழு பேர். அணியில் பாதிக்கும் மேல். அவர்களைச் சும்மா உட்காரவைத்தால் ஒருவன் போனை எடுப்பான், ஒருவன் "நான் இருந்திருந்தா" என்று முணுமுணுப்பான். ஆளுக்கொரு பொறுப்பு கொடுங்கள். ஒருவன் கையில் நோட்டு. ஒருவன் டீம் ஃபவுல் எண்ணிக்கை, நமக்கும் அவர்களுக்கும். ஒருவன் மிச்சமுள்ள டைம்அவுட். இது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு 1993 ஏப்ரல் 5, நியூ ஆர்லியன்ஸில் நடந்த அமெரிக்கக் கல்லூரி இறுதிப்போட்டியே போதும். மிச்சிகன் இரண்டு புள்ளி பின்னால், பந்து கிறிஸ் வெபர் கையில். மூலையில் இரண்டு பேர் வளைத்துக்கொள்ள, 11 விநாடி இருக்கும்போது அவர் டைம்அவுட் கேட்டார். அணியிடம் டைம்அவுட்டே பாக்கி இல்லை. டெக்னிக்கல் ஃபவுல், ஃப்ரீ த்ரோ, பந்தும் எதிரணிக்கு. 77-71 என்று முடிந்தது. ஜெயித்தது ஸ்மித்தின் நார்த் கரோலினா. வெபரைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கோ, அந்த எண்ணிக்கையை அவர் காதில் போட்டுக்கொண்டே இருக்க ஒருவனை நியமித்திருந்தால் என்ற எண்ணம்தான் வரும்.

ஃபீபா விதியில் களத்திலிருக்கும் ஆட்டக்காரர் டைம்அவுட் கேட்க முடியாது, பயிற்சியாளர்தான் மேசையில் கேட்க வேண்டும். ஆகவே அந்தத் தவறு நமக்கு நேராது. நமக்கு வருவது வேறு. ஒரு குவார்ட்டரில் நான்கு டீம் ஃபவுல் தாண்டினால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. "இதுவரை மூணுதான் ஆயிருக்கு" என்று நினைத்து நடுக்கோட்டருகே ஒருவன் கையைத் தட்டிவிட, அது ஐந்தாவதாக இருக்கும். இலவசமாக இரண்டு புள்ளி.

டைம்அவுட் என்றதும் ஒன்று. மொத்தமே ஒரு நிமிடம். அதில் பி.டி. சார் திட்டுகிறார், உதவியாளர் போர்டில் படம் வரைகிறார், சீனியர்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்கிறார்கள், யாரோ முதுகில் தட்டி "கமான் கமான்" என்கிறார்கள். கோர்ட்டுக்குத் திரும்பும்போது ஐந்து பேர் தலையிலும் ஐந்து திட்டம். முதல் பதினைந்து விநாடி தண்ணீர், அப்போது ஆடுபவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்லட்டும். பிறகு பயிற்சியாளர் ஒரே ஒரு விஷயம். கடைசியில் கேப்டன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழ வேண்டும். இதையும் பயிற்சியில் கடிகாரம் வைத்துப் பழக வேண்டும். போட்டியன்று தானாக வராது.

அணி ஒற்றுமைக்கென்று ஏற்காட்டுக்கு ஒரு டூர் போய், கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடிவிட்டு வருவதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. பஸ்ஸில் பாட்டு நன்றாக இருக்கும். திரும்பி வந்த மறுநாள் ஹாஸ்டல் பையன்கள் தங்களுக்குள்ளேயே பாஸ் போட்டுக்கொள்வார்கள், டே ஸ்காலர்கள் ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள், மார்க்கில் வந்தவர்கள் என்று இன்னொரு கோடும் உண்டு. பயிற்சி ஆட்டத்தில் அணி பிரிக்கும்போதே இந்தக் கூட்டணிகளைக் கலைத்துப் போடுவது மேல்.

தோற்ற இரவு வாட்ஸ்அப் குரூப்பைப் பூட்டிவிடுங்கள். அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்ற ஐந்து விநாடி ஆகாது. பதினோரு மணிக்கு மேல் எழுதப்படும் ஒரு வரி, ஒரு சீசனைக் காலி செய்வதைப் பார்த்திருக்கிறேன். "சில பேர் ஆடவே வரலை போல" என்று ஒருவன் போட, பெயர் சொல்லாததாலேயே நான்கு பேர் தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மாலை கோர்ட்டில் வட்டமாக உட்கார்ந்து பேசலாம். தன் தவறை மட்டும் சொல்ல வேண்டும், முதலில் கேப்டன். எங்கள் அரையிறுதிக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தபோது கேப்டன் சொன்னது: "பின்னாடி யாரும் சொல்வாங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. ஏன்னா, நான் யாரையும் சொல்லவிட்டதில்ல." அந்த முதலாமாண்டுப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக, கேப்டனுக்குக் கோர்ட்டுக்கு வெளியே உள்ள ஒரு வேலையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: ஓ.டி. லெட்டர், அதாவது பையன் கல்லூரிக்காகத்தான் வெளியே போயிருக்கிறான் என்று வருகைப் பதிவுக்குக் காட்டும் கடிதம். மண்டலப் போட்டிக்குப் போய் மூன்று நாள் ஆடிவிட்டு வந்தால், வருகைப் பதிவில் ஓட்டை விழுந்திருக்கும். இன்டர்னல் தேர்வு போயிருக்கும். நன்றாக ஆடிய பையன், வருகைக் குறைவால் தேர்வு எழுத முடியுமா என்ற கவலையில் அடுத்த மாதம் பயிற்சிக்கே வரமாட்டான். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே லெட்டர் அடித்து, பி.டி. சார் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு துறைத் தலைவர் அறைக்கும் கேப்டனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போட்டிக்குக் கிளம்பும் முன்பே. இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஒன்று எப்படியும் காணாமல் போகும்.