மொட்டைமாடித் தாங்கியும் ஒரு நானோ பின்னும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு ஏழு தளம். தண்ணீர்த் தாங்கி உச்சியில், மோட்டர் அடியில், நடுவே 30 மீற்றர் வயர். முதல் முறை மிதவை சுவிட்ச்சின் (தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கித் திறந்து மூடும் சுவிட்ச்) வயரை, மோட்டரை இயக்கும் சின்னக் கணினிப் போர்டான ஆர்டுயினோ நானோவின் பின்னில், அதாவது அதன் இணைப்புக் காலில், நேரடியாகவே கொடுத்துவிட்டேன். மோட்டர் வயர் போகும் அதே குழாயில் அதையும் இழுத்தது இன்னொரு புத்திசாலித்தனம். மூன்று கிழமை ஓடியது. சித்திரை மாதப் பின்னேர இடி ஒன்றுக்குப் பிறகு அந்தப் பின், தாங்கி நிறைந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலை எல்லோரும் வாளியோடு படியில் நின்றார்கள்.

5 வோல்ட்டைத் தாண்டியதால் செத்தது என்றுதான் நினைத்தேன். அது பாதி உண்மை. நானோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லின் ஒவ்வொரு உள்ளீட்டுப் பின்னிலும் ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் டயோட் இரண்டு உண்டு: ஒன்று 5 வோல்ட் லைனுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. வெளி வோல்ட் எல்லை மீறினால் டயோட் திறக்கும், கரண்ட் உள்ளே பாயும். கொல்வது அந்தக் கரண்ட். அந்தச் சில்லைச் செய்த அட்மெல் நிறுவனமே ஒரு குறிப்பில் மெயின்ஸை 1 மெகாஓம் வழியாகப் பின்னில் கொடுத்துக் காட்டியிருக்கிறது. நம்முடைய 230 வோல்ட்டின் உச்சம் 325. அப்போதும் போவது 0.33 மில்லிஆம்பியர்தான். 1 மில்லிஆம்பியரைத் தாண்டவிடாதே என்பது அதே குறிப்பின் அறிவுரை. (வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். போர்ட் முழுவதும் ஷொக் அடிக்கும்.)

இப்போது நான் செய்வது இது. மின்வெட்டுக்காக வைத்திருக்கும் 12 வோல்ட் பற்றரியிலிருந்து மிதவைக்குப் போய்த் திரும்பும் வயர், நானோ இருக்கும் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே கிரவுண்டுக்கு ஒரு எஸ்எம்ஏஜே15ஏ டிவிஎஸ் (திடீர் உயர் வோல்ட்டைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் டயோட்). அதன் பக்கத்தில் 4.7 கிலோஓம் புல்-டவுன், அதாவது வயரைக் கிரவுண்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர். சுவிட்ச் திறந்திருக்கும்போது வயர் அந்தரத்தில் தொங்கக் கூடாது. அப்புறம் தொடரில் 10 கிலோஓம். அது முடியும் முனையில் பிஏடி54எஸ் ஷொட்கி ஜோடி (குறைந்த வோல்ட்டிலேயே திறக்கும் இரண்டு டயோட், ஒன்று 5 வோல்ட் லைனுக்கு, மற்றது கிரவுண்டுக்கு), கூடவே கிரவுண்டுக்கு 100 நானோஃபரட் கப்பாசிட்டர். அங்கிருந்து 1 கிலோஓம், பிறகுதான் பின்.

கணக்கு எளிது. சார்ஜ் ஆகும்போது பற்றரி 14.4 வோல்ட். ஷொட்கி 5.3இல் பிடித்தால் 9.1ஐ 10 கிலோஓமால் வகுக்க வேண்டும்: 0.91 மில்லிஆம்பியர். இடி நேரத்தில் டிவிஎஸ் 24 வோல்ட் வரை விட்டுக்கொடுத்தாலும் 1.9தான், அதுவும் ஷொட்கி வழியே. உள் டயோட் திறக்கும் முன்பே ஷொட்கி திறந்துவிடும். மிச்சம் மீதியை அந்த 1 கிலோஓம் அடக்கும். 10 கிலோஓமும் 100 நானோஃபரட்டும் சேர்ந்து தரும் 1 மில்லிசெக்கன் தாமதம் மிதவைக்கு ஒரு பொருட்டே இல்லை.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் பிஏடி54எஸ் கிடைக்காத நாளில் இரண்டு 1என்5819 (தனித்தனி ஷொட்கி டயோட்) வாங்குங்கள். மிதவைக்குப் போதும். அனலாக் சென்சருக்கு வேண்டாம், கசிவு அதிகம். 3.3 வோல்ட் போர்டுக்கு 3.3 வோல்ட் செனரை (குறித்த வோல்ட்டில் திறந்து பிடிக்கும் டயோட்) யாராவது பரிந்துரைத்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், அது 3.3 வருவதற்கு வெகு முன்பே கசியத் தொடங்கிவிடும்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. ஷொட்கி தள்ளும் கரண்ட் 5 வோல்ட் லைனுக்குத்தான் போகிறது. 5 வோல்ட்டை நிலையாக வைக்கும் சாதாரண ரெகுலேட்டர் கரண்டைக் கொடுக்கும், வாங்காது. நானோ தூங்கினால், அதாவது கரண்ட் மிகக் குறைவாகக் குடிக்கும் நிலைக்குப் போனால், லைன் மெல்ல மேலேறும். ஒருமுறை அவசரத்தில் 10 கிலோவுக்குப் பதில் 1 கிலோ போட்டிருந்தேன். சப்ளையைக் கழற்றிய பிறகும் போர்டின் எல்ஈடி மங்கலாக எரிந்தது. மிதவை வயரிலிருந்தே சில்லு அரைஉயிரில் ஓடிக்கொண்டிருந்தது. 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 1 கிலோஓம் போடுங்கள். அது எப்போதும் 5 மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும், மேலேற விடாது.

மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்து மிதவை வயருக்கு 15 வோல்ட் கொடுங்கள். பின்னில் 5.3ஐத் தாண்டக் கூடாது, 5 வோல்ட் லைன் அசையக் கூடாது. சரியென்றால் மேலே கொண்டுபோங்கள், மோட்டர் வயரோடு சேர்க்காமல் தனிக் குழாயில்.