ரேஸ் வண்டியைச் செம்பனைக் காட்டுக்குள் இறக்குமுன்

மண் தடத்தில் பந்தயம் ஓடப் பிறந்த பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக் ஒன்றை வாங்கிவிட்டு யாராவது எனக்குப் படம் அனுப்பினால் என் கண் முதலில் போவது ஸ்டிக்கருக்குத்தான். ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தால் வயிற்றைக் கலக்கும். இருபது வருஷத்து வண்டிக்குப் புதுச் சட்டை போட்டுத் தலையில் கட்டியிருக்கிறார்கள். செயின் உரசி உரசிப் பள்ளம் விழுந்த ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), வெளுத்த பிளாஸ்டிக், கிக்கர் தேய்த்த ஃபிரேம் என்று உள்ளதை உள்ளபடி காட்டும் வண்டியை நம்பிப் பேரம் பேசலாம்.

ஆசையில் தப்பில்லை. நாற்பதைத் தாண்டிய சிங்கப்பூர்க்காரர்கள் பலர் ஆர்எக்ஸ்இசட், என்எஸ்ஆர் போன்ற டூ ஸ்ட்ரோக் சாலை வண்டிகளின் புகையில் வளர்ந்தவர்கள். 2003 ஜூலை 1க்கு முன்பு பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட முடியாது. சாலையிலிருந்து மறைந்துகொண்டிருக்கும் அந்த வாசனையைக் காட்டிலாவது பிடித்து வைக்கலாமே என்று பார்க்கிறோம். காட்டுப்பாதைக்கென்றே செய்த புது என்டியூரோ பைக் விலையைக் கேட்டதும் பழைய 125, 250 சிசி ரேஸ் வண்டிகள் பக்கம் மனம் சாய்வதும் இயல்புதான்.

ஆனால் அந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறோம். உலக மோட்டோகிராஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரு மோட்டோ, அதாவது ஒரு ஓட்டம், என்பது 30 நிமிடமும் 2 சுற்றும். அவ்வளவு நேரமும் திராட்டில் முறுக்கியபடி, முகத்தில் காற்று அடித்தபடி ஓடி முடிந்ததும் மெக்கானிக் கையில் போய்விடும். நாம் அதே வண்டியைக் கால்வாசி திராட்டிலில், நடக்கிற வேகத்தில், நாலு மணி நேரம் சேற்றில் உருட்டுகிறோம். கீழே சொல்லப்போகிற தவறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

எங்கே ஓட்டுவது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். விளக்கு, ஹாரன், நம்பர் பிளேட் எதுவும் இல்லாத வண்டி சிங்கப்பூர்ச் சாலையில் ஏறக்கூடாது. புக்கிட் தீமா, செஸ்ட்நட் மலைச் சைக்கிள் பாதைகளில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. அதனால் என்னைப் போன்றவர்கள் வண்டியை மலேசியாவின் ஜோகூரில் ஒரு பட்டறையில் விட்டுவிட்டு, ஞாயிறு இருட்டோடு கடற்பாலம் தாண்டிப் போகிறோம். அங்கேயும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டம் இன்னொருவர் சொத்து. பாதுகாக்கப்பட்ட வனம் என்றால் மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போக இருநூறு மீட்டர் தார்ச்சாலைதானே என்று ஏறிவிடாதீர்கள். அந்த இருநூறு மீட்டரில் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிப் பேசுங்கள். பாதி நேரம் அவருக்கும் தமிழ் தெரியும்.

என் பெரிய தவறு

2001ஆம் வருஷத்து 250 ஒன்று வாங்கினேன். இரண்டாவது ஞாயிறே ஒரு விசித்திரம். திராட்டிலை முழுசாக விட்ட பிறகும் என்ஜின் சத்தம் இறங்காமல் “ஙீ...” என்று இரண்டு மூன்று வினாடி மேலேயே நின்று, பிறகுதான் இறங்கியது. கேபிள் சிக்கியிருக்கும் என்று எண்ணெய் விட்டேன். அடுத்த வாரம், பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்திருக்கும் என்று கார்புரேட்டரில் பெரிய பைலட் ஜெட் (குறைந்த திராட்டிலில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) போட்டேன். கொஞ்சம் சரியானது. மறுபடி வந்தது. இன்னும் பெரிய ஜெட். இப்படியே ஒரு மாதம்.

பட்டறை அண்ணன் ஒருநாள் வண்டி நிற்கும்போதே சத்தத்தைக் கேட்டார். “தம்பி, எத்தனை ஜெட் மாத்துன?”

“மூணு, அண்ணே.”

“மூணு மாத்தியும் அடங்கலன்னா காத்து வேற எங்கயோ பூந்துருச்சு.”

இடப்பக்கக் கவரைக் கழற்றி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபிளைவீலுக்குப் பின்னால் கார்புரேட்டர் கிளீனரைச் சின்னதாக ஒரு பீச்சு பீச்சினார். சத்தம் சட்டென்று மாறியது. கிராங்க் சீல், அதாவது என்ஜினுக்குள் சுழலும் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம், போயிருந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப். பெட்ரோலும் காற்றும் அதன் வழியாகத்தான் மேலே போகின்றன. மேக்னெட்டோ பக்கத்துச் (ஃபிளைவீல் இருக்கும் பக்கம்) சீல் காய்ந்து வெடித்தால் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே வரும், கலவை மெலியும், பிஸ்டன் சூடேறி ஒருநாள் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் நோய் வேறு: கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகைவிடும், கியர் ஆயில் அளவு காரணமே இல்லாமல் குறையும். ஓட்டுகிறோமோ இல்லையோ, ரப்பருக்கு வயசாகும். கொட்டகையில் பத்து வருஷம் சும்மா நின்ற வண்டி என்றால் எனக்கு இன்னும் பயம்.

எனவே பழைய வண்டி வாங்கினால் எக்ஸாஸ்ட், ஸ்டிக்கர், கலர் ஹேண்டில்பார் எல்லாவற்றுக்கும் முன்னால் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். காற்று நுழையும் இன்டேக்கையும் புகை போகும் எக்ஸாஸ்டையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்றடித்துச் சில நிமிடம் காத்திருந்தால் போதும். மீட்டர் முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். பல ஜப்பானிய என்ஜின்களில் இந்தச் சீல்களை மாற்ற என்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபிளைவீலைக் கழற்ற அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறேன் என்று கிளம்பியவர்கள் சீலோடு சேர்த்துக் கிராங்கும் வாங்கியிருக்கிறார்கள்.

சிலிண்டரைத் திறந்தால் உள்ளே வந்த காற்றைத் திரும்பவிடாமல் தடுக்கும் ரீட் வால்வு இதழ்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். விளிம்பு சிதறியிருந்தால் காலையில் கிக் அடித்தே கால் ஓய்ந்துவிடும். எக்ஸாஸ்ட் வாயைக் கூட்டிக் குறைக்கும் பவர் வால்வையும் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். மெதுவாக ஓடும் வண்டியில் அது வேகமாகச் சிக்கும்.

எண்ணெயைக் குறைத்தால் ஸ்பார்க் பிளக் அடைக்காதா?

இந்த வண்டியில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம்; 32:1 என்றால் 32 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். அதைக் குறைப்பதுதான் நான் அதிகம் கேட்கும் யோசனை. “நாம ஸ்லோவாத்தானே ஓட்டுறோம், 32:1 எதுக்கு, 60:1 போடு, பிளக் சுத்தமா இருக்கும்” என்பார்கள். சைலன்சர் இணைப்பில் கறுப்பாக ஒழுகுவதைப் பார்த்துவிட்டு எண்ணெய் மேல் பழி போடுகிறார்கள். ஜெட் வழியாகப் போகும் திரவத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதில் எண்ணெயைக் குறைத்தால் அந்த இடத்தைப் பெட்ரோல் நிரப்பும், கலவை இன்னும் கனக்கும். பேரிங்குக்குப் போக வேண்டிய எண்ணெயும் போச்சு, பிளக்கும் அடைத்தது. பழைய ஜப்பானிய 250களின் கையேடுகளில் பெரும்பாலும் 30:1, 32:1 என்றுதான் இருக்கும். நல்ல எண்ணெய் என்றாலும் நான் 40:1க்கு மேல் போவதில்லை. ஒரு லிட்டருக்கு 25 மில்லி.

ஒழுகலுக்கு உண்மையான மருந்து ஜெட்டிங், அதாவது ஜெட் அளவைச் சரிசெய்வது. குளிர்நாட்டுக்கு அளந்து போட்ட ஜெட், நம் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் பெரிசு. சூடான ஈரக் காற்றில் ஆக்சிஜன் குறைவு, பெட்ரோலும் அதற்கேற்பக் குறைய வேண்டும். ஆனால் எல்லோரும் மெயின் ஜெட்டை நோண்டுகிறார்கள். செம்பனை வரிசைக்கு நடுவே நீங்கள் முழுத் திராட்டிலைத் தொடுவது எத்தனை தடவை? நமக்கு வேண்டியது பைலட் ஜெட்டும், நடுத் திராட்டிலைப் பார்த்துக்கொள்ளும் நீடிலும். என்ஜின் நன்றாகச் சூடானதும் கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள். ஐடில் (திராட்டிலைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம்) அதிகம் ஏறும் இடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஒன்றிலிருந்து இரண்டரைச் சுற்றுக்குள் என்றால் பைலட் சரி. இரண்டரைக்கு மேல் திறக்கச் சொன்னால் பைலட் பெரிசு, ஒரு சுற்றுக்கும் கீழே என்றால் சிறிசு. ஆனால் சீல் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் இதெல்லாம். என் ஒரு மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் அடைக்கிற வண்டிக்குச் சூட்டை அதிகம் தக்கவைக்கும் ‘சூடான’ பிளக் போட்டுச் சமாளிப்பதும் அதே ரகம். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலை.

எண்ணெய்ப் பேச்சில் இன்னொன்று. ஆற்றோரக் கம்பத்துக் கடையில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் என்று கேட்டால் படகு என்ஜின் எண்ணெயை எடுத்து நீட்டுவார்கள். டிசி-டபிள்யூ3 என்று எழுதியிருந்தால் அது தண்ணீரில் குளிர்ந்துகொண்டே ஓடும் அவுட்போர்டுக்கானது. நம் வண்டியின் சூட்டுக்கும் சுழற்சிக்கும் அதை நம்பாதீர்கள். டேங்க்கே ஏழெட்டு லிட்டர்தான் பிடிக்கும், நடுவழியில் நிரப்பத்தான் வேண்டிவரும். அதனால் நூறு மில்லிக் குப்பி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்கிறேன். நாலு லிட்டருக்குக் கணக்குச் சரியாக இருக்கும். வீட்டிலிருந்து கலந்து கேனில் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களுக்கு எம்ஆர்டி நிலையத்துப் பலகை ஞாபகம் இருக்கட்டும்: தீப்பற்றும் பொருளுக்கு 5,000 வெள்ளி அபராதம், டுரியானுக்கும் தடை.

கொதிக்கும் ரேடியேட்டர்

கோத்தா திங்கிப் பக்கம் செம்மண் ஏற்றம் ஒன்று. மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. முன்னால் போன நண்பர் பாதியில் வழுக்கி நின்றுவிட்டார். நான் கிளட்சைப் பிடித்தபடி, என்ஜினை அணைக்காமல் அவருக்காகக் காத்திருந்தேன். மூன்று நிமிடம் இருக்கும். வலது பூட்ஸ் மேல் என்னவோ சுடுகிறதே என்று குனிந்தால் ஓவர்ஃபுளோக் குழாயிலிருந்து பச்சையாகக் கூலன்ட் கொட்டிக்கொண்டிருந்தது.

மோட்டோகிராஸ் வண்டியில் ஃபேன் கிடையாது. பெரும்பாலும், கொதித்து வெளியேறும் கூலன்டைப் பிடித்துவைக்க டப்பாவும் கிடையாது. போனது போனதுதான். நின்றால் அணைத்துவிடுங்கள். கிளட்சைப் பாதி பிடித்துத் தேய்த்துக்கொண்டே ஏறுவதும் சூட்டைத்தான் கூட்டும். ஒவ்வொரு காலையும் வண்டி குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து அளவு பாருங்கள். சுடும்போது மட்டும் கை வைக்காதீர்கள். மடங்கிய ஃபின்களை நிமிர்த்துங்கள், புது மூடி போடுங்கள், சின்னக் கேட்ச் டப்பா ஒன்று கட்டுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் வாட்டர் பம்ப் உள்ளே அரித்துவிடும். ரேடியேட்டருக்குப் பாதுகாப்புக் கவசம் (கார்டு) போடாமல் காட்டுக்குள் போகவே கூடாது. செம்பனைக் கட்டையில் ஒருமுறை சாய்ந்தால் போதும், வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இறக்கத்தை யாரும் சொல்வதில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவர்கள் நீண்ட இறக்கத்தில் திராட்டிலை மூடி, கியரிலேயே என்ஜின் பிரேக்கில் இறங்குவார்கள். இந்த வண்டியில் எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. திராட்டில் மூடியிருந்தால் என்ஜின் வேகமாகச் சுற்றும், எண்ணெய் மட்டும் போகாது. கிளட்சைப் பிடித்து, அவ்வப்போது சின்னதாக ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டே இறங்குங்கள்.

மற்றவை, சுருக்கமாக

மோட்டோகிராஸ் முதல் கியர் நம் பாதைக்கு மிக நீளம், மெதுவாகப் போக விடாது, அதனால்தான் மெதுவான திருப்பத்தில் வண்டி அணைகிறது. செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 13, பின்னால் 50 பல் இருந்தால் விகிதம் 3.85. முன்னால் 12 போட்டால் 4.17 ஆகிவிடும். பின்னால் 54 போட்டாலும் கிட்டத்தட்ட அதேதான், 4.15. முன் சின்னது மலிவு. ஆனால் செயின், ஸ்விங்ஆர்மைக் காக்கும் ஸ்லைடரைத் தின்னும், வாரம் ஒருமுறை பாருங்கள். அதற்கும் மேலே ஃபிளைவீலைக் கனமாக்கும் ஃபிளைவீல் வெயிட் ஒன்று போட்டால் 250யின் கோபம் பாதியாகும். எக்ஸாஸ்டுக்குச் செலவழிக்கும் காசை இதில் போடுங்கள் என்பேன்.

சஸ்பென்ஷன் பத்து மீட்டர் தாவி விழுவதற்காக இறுக்கப்பட்டது. வேர் மேல் போனால் முன்சக்கரம் பந்து போல் எகிறும். கம்ப்ரஷன் கிளிக்கை (சஸ்பென்ஷன் அமுங்கும் இறுக்கத்தை மாற்றும் திருகு) தளர்த்துங்கள், பின்னால் சேக், அதாவது நீங்கள் ஏறி உட்காரும்போது வண்டி இறங்கும் அளவு, 100 மில்லிமீட்டர் அளவில் வையுங்கள். அதற்கு முன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். ‘டொக்’ என்றால் லிங்கேஜ் பேரிங் போய்விட்டது, கிளிக்கைத் திருகிப் பிரயோஜனமில்லை.

பின்சக்கரம் 19 அங்குலம், என்டியூரோவுக்கு 18. வசதி இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கனமான டியூப்பும், டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் ரிம் லாக்கும் போட்டு 12 முதல் 14 பிஎஸ்ஐ காற்று. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடியில் இருக்கும் முள்ளை லேசாக நினைக்காதீர்கள். மட்டை அடுக்கிய வரிசைக்குள் போகாமல், பழம் ஏற்றும் பாதையிலேயே போவது நல்லது.

வண்டியைப் பட்டறையில் திரும்ப விடும்போது களைப்பில் செய்யும் தவறும் ஒன்று உண்டு. கழுவி, ஃபில்டரைக் கழற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு எல்லாம் செய்துவிட்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்தபடியே விட்டுவிடுவோம். பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் ஊசி தேய்ந்திருந்தால் ராத்திரியெல்லாம் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கிராங்க் கேஸில் இறங்கும். டேப்பை மூடி, ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். போன மாதம் நான் கடற்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பட்டறை அண்ணன் போன் செய்தார். “தம்பி, உன் வண்டிக்குக் கீழ ஒரு தட்டு வச்சிருக்கேன். டேப்ப மூடிட்டேன். அடுத்த வாரம் வந்து நீயே கிக் அடிச்சுக்க.”