கச்சேரி மேடைக்கு மைக் வைக்கும் முறை

வயர் இழுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, மிருதங்கக்காரர் வலக்கையா இடக்கையா என்பது. வலந்தலை (மிருதங்கத்தின் சின்ன முகம்) சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் வலக்கைக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார்; வயலின் இடப்பக்கம். மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை மாதிரி இடக்கை வாசிப்பு என்றால் இரண்டையும் மாற்றிப் போட வேண்டும்.

பாட்டுக்கு எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் கீழ்ஸ்தாயி வீங்கி, சாகித்யம் புரியாமல் போகும். 100 ஹெர்ட்ஸில் லோ-கட் (அதற்குக் கீழான ஒலியை வெட்டுவது) போட்டால் தொடையில் தாளம் போடுகிற அதிர்வும் அடங்கும். வயலினுக்குக் கண்டென்ஸர் மைக் (நுண்ணிய ஒலியையும் பிடிப்பது), வில் இடிக்காதபடி ஓரடி மேலே. அதற்கு மிக்ஸரிலிருந்து வயர் வழியே போகும் 48 வோல்ட் பான்டம் மின்சாரம் வேண்டும். சேனலை மியூட் செய்துவிட்டு வயரைச் சொருகுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக், தலைக்கு ஒன்று, அரையடி தூரத்தில். தொப்பிக்கு (மிருதங்கத்தின் பெரிய முகம்) லோ-கட் போடாதீர்கள். ரவை பூசிக் கொண்டுவருகிற கும்கி என்கிற கீழ்நாதமே அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சேனலின் ஃபேஸ் (phase) பட்டனை, அதாவது ஒலியலையைத் தலைகீழாக்கும் பட்டனை, அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் நாதம் கனமாகக் கேட்கிறதோ அப்படியே விட்டுவிடலாம்.

எலக்ட்ரானிக் தம்புரா பெட்டியை டிஐ பாக்ஸ் (கருவியை நேராக மிக்ஸரில் இணைக்கும் பெட்டி) வழியாக எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்ற வேண்டாம். ஷாக் அடித்தால் உயிர் போகும்.

கச்சேரி கெடுவது பெரும்பாலும் மானிட்டரால்தான், அதாவது மேடையில் இருப்பவர்கள் கேட்க வைக்கும் ஸ்பீக்கரால். முன்பக்க ஒலியையே பிடிக்கிற கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்னால் செவிடு. மானிட்டர் அங்கே இருக்கட்டும். இன்னும் குறுகலாகப் பிடிக்கிற சூப்பர் கார்டியாய்ட் என்றால் சற்றுப் பக்கவாட்டில். பாடகருக்கும் வயலினுக்கும் முதலில் சுருதி, அடுத்து குரல். வயலின்காரர் தன் ஒலியை ஏற்றச் சொல்லி விரலை மேலே காட்டுவார். ஏற்றினால் மிருதங்கக்காரர் காட்டுவார், பிறகு பாடகர். மூன்றாவது பாட்டுக்குள், ஸ்பீக்கர் ஒலியை மைக் மறுபடி பிடித்து மேடை ஊளையிடும். கேட்டவரின் வாத்தியத்தை ஏற்றாமல், அவர் மானிட்டரில் மற்றதை 3 டெசிபல் இறக்குங்கள். கேட்டது தானாகத் தெளிந்துவிடும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஊளையைப் பிடிக்க, ஆள் வருவதற்கு முன் பாட்டு மைக்கை மெல்ல ஏற்றுங்கள். கூவுகிற அலைவரிசையைக் கிராஃபிக் ஈக்வலைசரில் (அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) 3 டெசிபல் வெட்டுங்கள். நாலைந்து இடத்துக்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் மைக்கையோ மானிட்டரையோ நகர்த்துவதே சரி, குரல் செத்துப்போகாது. கடைசியில் அந்த மைக்கை 6 டெசிபல் இறக்கி வையுங்கள்.

காலி அரங்கில் கேட்ட ஒலி, கூட்டம் நிறைந்ததும் மாறும். ஆட்களின் உடம்பும் துணியும் எதிரொலியைக் குடித்துவிடும். எனவே தொடக்கத்தில் பாடும் வர்ணம் முடிவதற்குள் அரங்கின் பின்வரிசைக்கு ஒருமுறை போய்க் கேட்டு, தேவையானதைச் சரிசெய்யுங்கள்.

தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தை ஏற்றத் தேவையில்லை. பாட்டு மைக்கைக் கொஞ்சம் இறக்கினால் போதும், ஆனால் மியூட் வேண்டாம். அதன் முடிவில் வரும் கோர்வை என்னும் தாளக் கட்டு மூன்றாம் முறை முடிந்த கணத்தில் பாடகர் பாட்டை எடுத்துவிடுவார். அதற்குள் பாட்டு மைக்கின் ஃபேடர் (ஒலியளவு நெம்பு) பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டும்.