போக்கரில் பிளஃப்: யாரிடம், எப்போது

காட்பாடியில் வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் புளியங்கொட்டையைக் காசாக வைத்து ஆடிப் பழகும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எவ்வளவு கட்டினாலும் விடாமல் கால் பண்ணுகிற (அதே அளவு போட்டு ஆட்டத்தில் தொடர்கிற) ஆளிடம் பிளஃப் (நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோலக் கட்டி மிரட்டுவது) வேண்டவே வேண்டாம், அவரிடம் நல்ல சீட்டு வரும்போது மட்டும் பெரிதாகக் கட்டுங்கள்.

அப்புறம் கணக்கு. நடுவில் 100 கொட்டை கிடக்கிறது, நீங்கள் 50 கட்டுகிறீர்கள் என்றால், 3 முறைக்கு 1 முறை எதிராளி சீட்டைக் கவிழ்த்து விலகினாலே நஷ்டமில்லை. 100 கட்டினால் பாதி முறையாவது கவிழ்க்க வேண்டும்.

கையில் ஒன்றுமே இல்லாமல் பிளஃப் அடிப்பதைவிட, ஃப்ளாப்பில் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) என் கைச்சீட்டோடு நாலு ஹார்ட்டின் சேர்ந்து ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒன்று மட்டும் குறையும்போது அடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அவர் கால் பண்ணினாலும் மிச்சம் 9 ஹார்ட்டின் இருக்கிறது, ரிவருக்குள் (கடைசியான ஐந்தாவது பொதுச் சீட்டு) ஒன்று விழ ஏறக்குறைய 35 சதவீதம் வாய்ப்பு. எதிரில் ஒருவர் மட்டும் இருந்தால் அடியுங்கள். மூன்று பேர் என்றால் விட்டுவிடுங்கள், யாராவது ஒருவர் கையில் ஏதாவது இருக்கும்.

முக்கியமாக, நிஜமாகவே ஃப்ளஷ் இருந்தால் எவ்வளவு கட்டுவீர்களோ, எவ்வளவு நேரம் யோசிப்பீர்களோ, அதேபோல பிளஃப்பிலும் செய்யுங்கள்.