ஆத்தென்டிகேட்டர் பேக்அப்: போன் போன பிறகே தெரியவரும் தவறுகள்

தீபாவளி நெருங்கினால் வேலூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில் எக்ஸ்சேஞ்ச் வியாபாரம் சூடுபிடிக்கும். பழைய போனைக் கொடுக்கிறவர் கடையிலேயே நின்று ஃபேக்டரி ரீசெட் போட்டுக் கொடுத்துவிட்டு, புதுப் போனோடு வீட்டுக்குப் போவார். காண்டாக்ட், போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிவிடும். கணக்குகளில் நுழையும்போது கேட்கும் 6 இலக்க எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் இறங்கிவிடும். பேக்அப் வைக்காதவர் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கணக்குகூட இருக்காது. பழைய போனோ ரீசெட் ஆகிவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு அந்த ஆப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும். கூகுள், ஃபேஸ்புக், டிமேட் கணக்கு எதுவானாலும், பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை முதலில் வைக்கும்போது திரையில் ஒரு கியூஆர் கோடு வரும். அதற்குள் இருப்பது ஒரு ரகசிய எழுத்துக் கோவை. ஸ்கேன் செய்ததும் அது போனில் பதிந்துவிடும். அந்த நிறுவனத்தின் சர்வரிலும் அதே கோவை இருக்கும். இரண்டு பக்கமும் அந்தக் கோவையையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஒரே 6 இலக்க எண்ணை எட்டுகின்றன. 2011இல் வெளியான பொதுத் தரம் இது. இன்டர்நெட் வேண்டாம், சிம் வேண்டாம், டவர் வேண்டாம். கம்மவான்பேட்டையிலிருந்து ராணுவத்துக்குப் போன பிள்ளைக்கு எஸ்எம்எஸ் எட்டாத இடத்திலும் இந்த எண் போனில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் பேக்அப் எடுக்க வேண்டியது அந்த ரகசியக் கோவையைத்தான். 6 இலக்க எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. அரை நிமிடத்தில் அது செல்லாக்காசு. சிம் அதே எண்தானே, அந்த 6 இலக்கக் கோடும் வந்துவிடும் என்று நம்புபவர்கள் அதைவிட அதிகம். சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எக்ஸ்சேஞ்ச் செய்வதற்கு வரிசை ஒன்று உண்டு. புதுப் போன் கைக்கு வந்ததும் பழைய போனிலிருந்து ஆத்தென்டிகேட்டர் கணக்குகளை மாற்ற வேண்டும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கணக்குகளை ஏற்றுமதி செய்யும் வசதி ஒரு கியூஆர் கோடாக வரும். அதைப் புதுப் போனில் ஸ்கேன் செய்தால் முடிந்தது. பிறகு முக்கியமான ஒரு கணக்கிலாவது வெளியேறி, புதுப் போன் காட்டும் எண்ணைப் போட்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ரீசெட் அதற்குப் பிறகுதான். கடைக்காரர் அவசரப்படுத்தினால் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். எக்ஸ்சேஞ்ச் தொகையில் நூறு இருநூறு குறைந்தாலும் பரவாயில்லை.

வட்டமடிக்கும் பேக்அப்

மற்ற தவறுகள் தொல்லை தருபவை. இது ஆளையே வெளியே நிறுத்திவிடும்.

2023 ஏப்ரலில் கூகுள் ஆத்தென்டிகேட்டருக்கு கூகுள் கணக்கோடு சிங்க் ஆகும் வசதி வந்தது. போன் தொலைந்தாலும் ஜிமெயிலில் நுழைந்தால் எல்லாக் கோடும் திரும்ப வரும். நல்ல வசதிதான். ஆனால் அந்த ஜிமெயிலுக்கே இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்போம், அதற்கான கோடு அதே ஆத்தென்டிகேட்டரில் இருக்கும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பீரோ மாதிரி.

வேறு வழி இருக்குமே என்று தேடினால் அவையும் அதே போனில் போய் முடியும். ‘நீங்கள்தானா?’ என்று கூகுள் கேட்கும் அறிவிப்பு தொலைந்த போனுக்குப் போகும். எஸ்எம்எஸ் ஓடிபி தொலைந்த போனில் இருந்த சிம்முக்குப் போகும். டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் மோசடியைத் தடுக்க முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். மீட்பு மின்னஞ்சலாகக் கொடுத்திருப்பது இன்னொரு ஜிமெயிலாக இருந்து, அதுவும் அந்தப் போனில் மட்டும் லாகின் ஆகியிருந்தால் வட்டம் முழுமையாகிவிட்டது.

பாங்கு என்றால் கிளைக்குப் போய் ஆதாரைக் காட்டி நிற்கலாம். கல்லூரி மெயில் ஐடி என்றால் அங்கே அட்மின் இருப்பார், அவர் திறந்து கொடுக்கலாம். ஜிமெயிலுக்குக் காட்பாடியில் கிளை கிடையாது. கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட்டை ஏற்றி வைக்கும் கிட்ஹப் இன்னும் கறார். இரட்டைச் சரிபார்ப்பும் மீட்புக் கோடுகளும் இரண்டும் போய்விட்டால் கணக்கைத் திறந்து தர முடியாமல் போகலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வட்டத்தை உடைப்பதற்கு இருப்பது, ஆத்தென்டிகேட்டர் எண்ணுக்குப் பதிலாகப் போடக்கூடிய பேக்அப் கோடுகள். கூகுள் 10 கோடுகள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும். இவற்றைப் போனுக்கு வெளியே, எந்தப் பாஸ்வேர்டும் கேட்காத இடத்தில் வைக்க வேண்டும். என் வாக்கு காகிதத்துக்கே. காகிதமா என்று கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சிரிக்கலாம். நம் வீட்டு அலமாரியை வெளிநாட்டில் உட்கார்ந்து யாரும் ஹேக் செய்ய முடியாது.

காகிதத்திலும் சறுக்கல் உண்டு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியும் விஐடி பல்கலைக்கழக வாசலிலும் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் ‘வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், பிரின்ட் போட்டுத் தரேன்’ என்பதுதான் நடைமுறை. பேக்அப் கோடு பைலையும் அப்படியே அனுப்பினால் அது கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரில் அடுத்தவர் ஆதார் நகலுக்குப் பக்கத்தில் கிடக்கும். பத்து எண்தான், பேனா எடுத்து எழுதிவிடலாம். பில் ரோலின் பின்பக்கத்தில் எழுதாதீர்கள். அந்தத் தாள் சூட்டில் கறுத்துப்போகும், நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டுத்தாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, பத்திரம் இருக்கும் உறையிலேயே வைக்கலாம். பாஸ்வேர்டை மட்டும் அதே தாளில் எழுதக் கூடாது.

புதிதாக ஒரு செட் எடுத்தால் பழைய செட் செல்லாது. இது பலருக்குத் தெரிவதில்லை. உறையில் பழைய தாளே இருக்க, நடுவில் எப்போதோ செட்டிங்ஸில் புதுக் கோடு எடுத்திருப்பார்கள். தாளில் தேதி போட்டு வைத்தால், பயன்படுத்தியதை அடித்து வைத்தால், இந்தக் குழப்பம் வராது.

கியூஆர் கோடுதான் சாவி

ஆரம்பத்தில் வரும் கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது யோசனையாகச் சரி. வைக்கும் இடம்தான் தவறு. கேலரியில் இருந்தால் அது கூகுள் போட்டோஸுக்குத் தானாகப் போகலாம். டிஸ்பிளே மாற்றக் கடையில் விடும்போது பேட்டர்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருகிறோம். கேலரி அங்கே திறந்து கிடக்கும். அந்தப் படத்தை யார் ஸ்கேன் செய்தாலும் உங்கள் கோடு அவர் போனிலும் ஓடும், உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது. ஏற்றுமதிக்காக வரும் கியூஆர் இன்னும் ஆபத்து, ஒரே படத்தில் பல கணக்கின் சாவி இருக்கும்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். முதலில் வைக்கும்போதே அந்தக் கியூஆரை இரண்டு போன்களில் ஸ்கேன் செய்தால் இரண்டிலும் ஒரே எண் வரும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் இதற்குப் போதும், சிம்கூட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு, நேரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். அதற்கும் ஸ்கிரீன் லாக் கட்டாயம் வேண்டும். இரண்டாவது போன் இல்லாதவர்கள் கியூஆருக்குக் கீழே ‘ஸ்கேன் செய்ய முடியவில்லையா’ என்பதைத் தொட்டால் ரகசியக் கோவை எழுத்தாகவே வரும். அதைக் கையால் எழுதி வைக்கலாம்.

ஆப் தேர்விலும் கவனம் வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரில் ஐபோனில் எடுத்த பேக்அப்பை ஆண்ட்ராய்டில் இறக்க முடியாது, மறுபக்கமும் அப்படியே. ஆத்தி ஆப்பில் கணக்குகளை வெளியே எடுக்கும் வழியே இல்லை. 2024இல் அதன் கம்ப்யூட்டர் பதிப்பு நிறுத்தப்பட்டபோது அதை மட்டும் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமானது. ஏஜிஸ் ஆண்ட்ராய்டில் மட்டும் ஓடும், பாஸ்வேர்டு போட்ட பைலாக ஏற்றுமதி தரும். என்டே ஆத் ஆண்ட்ராய்டு, ஐபோன், கம்ப்யூட்டர் மூன்றிலும் ஓடும். எதை எடுத்தாலும் ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்றுமதி செய்த பைலை அதே போனில் விட்டுவிட்டால் போனோடு அதுவும் போகும். பைலுக்குப் போட்ட பாஸ்வேர்டை மறந்தாலும் கதை முடிந்தது.

ஆப்பில் ஒரு கணக்கை அழித்தால் இரட்டைச் சரிபார்ப்பு நின்றுவிடும் என்று நினைப்பதும் தவறு. சர்வர் தொடர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கும், பதில் சொல்ல உங்களிடம்தான் ஒன்றும் இருக்காது. முதலில் கணக்கின் செட்டிங்ஸில் நிறுத்த வேண்டும், பிறகே ஆப்பில் அழிக்க வேண்டும். சரியான கோடு போட்டும் தவறு என்று வந்தால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். தேதியும் நேரமும் தானியங்கியில் இல்லாமல் சற்று விலகியிருந்தாலே எண் பொருந்தாது. இதற்குப் பயந்து ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தவர்கள் உண்டு.

வாட்ஸ்அப்பின் 6 இலக்கப் பின் வேறு சமாச்சாரம். அது நீங்களே வைத்த எண், ஆத்தென்டிகேட்டரில் வராது. மின்னஞ்சல் கொடுக்காமல் மறந்துவிட்டால் 7 நாள் காத்திருக்க நேரும்.

ஒரே ஆளின் போன்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் கணக்குப் பிள்ளையின் போனிலேயே எல்லா ஓடிபியும் வருவது சகஜம். ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ், சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் தளங்களில் இரட்டைச் சரிபார்ப்பு 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம். அவர் லீவு போட்டால் அன்று லாரி நகராது. எஸ்எம்எஸ் மட்டும் என்றில்லை, என்ஐசி ஜிஎஸ்டி ஷீல்டு ஆப்பிலும் ஓடிபி எடுக்கலாம், அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணோடு தனி சப் யூசர் கணக்கு போட்டுவிட்டால் ஒருவர் போனை நம்பி மற்றவர் நிற்க வேண்டியிருக்காது.

வெளியூர் போகிறவர்களுக்கும் ஒன்று. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வந்து பாபு ராவ் தெரு லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குபவர்களைப் பார்க்கிறோம். அவர் போன் இங்கே தொலைந்தால், வேறு மாநில சிம்முக்கு டூப்ளிகேட் வாங்குவது சுலபமில்லை. பேக்அப் தாள் கொல்கத்தா வீட்டில் இருக்கும். காட்பாடியில் ரயில் ஏறும் நமக்கும் அதே நிலைதான். இரண்டு பேக்அப் கோடுகளை மட்டும் கணக்கின் பெயர் போடாமல் பர்ஸில் எழுதி வைத்துக்கொள்ளலாம். போன் ஒரு பாக்கெட்டிலும் பர்ஸ் வேறு பாக்கெட்டிலும் இருக்கட்டும்.

போன் ஏற்கெனவே போய்விட்டது என்றால் முதலில் பேக்அப் கோடால் ஜிமெயிலில் நுழைந்து, தொலைந்த போனை அந்தக் கணக்கிலிருந்து வெளியேற்றுங்கள். சிம்மை முடக்கி டூப்ளிகேட் கேளுங்கள். காவல் நிலையப் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். இந்த நேரத்தில் கூகுளிலிருந்து பேசுகிறோம், பேக்அப் கோடைச் சொல்லுங்கள் என்று எவராவது அழைத்தால் கட் செய்துவிடுங்கள். அது ஓடிபி சொல்வதற்குச் சமம். எல்லாம் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பழைய ரகசியக் கோவை அந்தத் தொலைந்த போனில் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு கணக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பை ஒருமுறை நிறுத்தி, புதுக் கியூஆரோடு மறுபடி வைத்து, பேக்அப் கோடுகளையும் புதிதாக எடுத்துப் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.