பெரியவர்களின் வாழ்க்கையை ஒரே தாளில் எழுதி வாங்குவது எப்படி

முதுமை பற்றிய ஆய்வுக்காக முதன்முதலில் களத்துக்குப் போகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வேலை செய்வது ராமநாதபுரம் கடலோரத்தில். அதனால் உதாரணமெல்லாம் அந்தப் பக்கத்துதான்.

பெரிய சார்ட் பேப்பரில் குறுக்கே ஆண்டுகளைப் போடுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஊர், படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள், நோய் என்று வரிசைகள். பேனா வேண்டாம், பென்சில்தான். பேசப் பேச முன்னால் எழுதியது நிறைய அழியும்.

எந்த வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருந்தால் அது பெரும்பாலும் குத்துமதிப்பு. பள்ளிச் சான்றிதழும் அப்படித்தான். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் போதும், வாத்தியார் ஒரு தேதியைப் போட்டு ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம் அது.

அதற்குப் பதிலாக ஊரே மறக்காத நிகழ்ச்சிகளைத் தாளின் மேல் ஓரத்தில் முதலிலேயே குறித்துவிடுங்கள். 1964 டிசம்பர் தனுஷ்கோடி புயல், 1969இல் அண்ணா மறைவு, 1982இல் சத்துணவு, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு, 2004 சுனாமி. பாட்டியிடம் பெண் மாணவி ஒருவர் உட்கார்ந்து, "புயலடிச்சப்போ நீங்க வயசுக்கு வந்தாச்சா பாட்டி?" என்று கேட்கட்டும். "அந்த வருஷந்தான் ஓலை கட்டி உட்கார வச்சாக" என்று பதில் வந்தால் பிறப்பு 1950ஐ ஒட்டி என்று பிடிக்கலாம். பூப்பெய்திய காலமும் கூடவே கிடைத்துவிடுகிறது. கல்யாணத்துக்குத் தலைத்தீபாவளியைக் கேளுங்கள், எந்த ஊரில், யார் ஆட்சியில் என்று சரியாகச் சொல்வார்கள்.

பிள்ளைகள் வரிசைதான் கடினம். "எத்தனை பிள்ளைங்க?" என்றால் உயிரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். "பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை?" என்று கேளுங்கள், அது அவர்கள் பேச்சிலேயே உள்ள கேள்வி. கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். மருமகள் பக்கத்தில் நின்றால் தண்ணீர் கேட்டோ, வேறு காரணம் சொல்லியோ கொஞ்சம் அனுப்பி வையுங்கள்.

சில இடங்களில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. எம்.ஜி.ஆர். செத்தப்போ இரண்டாவது மகள் கைக்குழந்தை என்பார் தாய், மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழோ பிறந்த வருஷம் 1985 என்று காட்டும். இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று அந்த வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து பண்ண வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு? அந்த ஒரே தாளை மூன்று துறைக்காரர்கள் படிக்கப் போகிறார்கள். சின்ன வயதுப் பட்டினியை இன்றைய உயரத்தோடும் சர்க்கரையோடும் வைத்துப் பார்ப்பவர் மருத்துவர். சொன்ன பத்து வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனையில் மதிப்பெண் குறைந்தால், அது மறதியா, பள்ளிக்கே போகாததாலா என்று பிரித்துப் பார்க்க உளவியல்காரருக்குப் படிப்பு வரிசை வேண்டும். கூலி வேலை எந்த வயதில் நின்றது என்பது பொருளாதாரக்காரருக்கு. இந்தியாவில் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பார்க்கும் லாசி (LASI) என்ற நாடு தழுவிய முதுமை ஆய்வும் 2017-18இல் 72,000க்கும் அதிகமானவர்களிடம் நோய், வருமானம், நினைவுத்திறன் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டது.

அளவெடுப்பதைக் கடைசியில் வையுங்கள். கைப்பிடி பலம் பார்க்கும் டைனமோமீட்டரைத் தாத்தாக்கள் போட்டி போட்டு அழுத்துவார்கள், மூச்சை அடக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதுகு கூனியவர்களுக்கு நின்ற உயரம் உதவாது, உட்கார வைத்து முழங்கால் உயரத்தை அளந்து கணக்கிடலாம்.

அப்புறம், சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டிக் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கிய பிறகே இத்தனையும். தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறு பூட்டில் இருக்கட்டும்.